இந்த வாரத்து ஸ்தோத்திரம்

காஜா பெராங், மலாக்கா
11 மார்ச் 1957

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ராஜாவுக்கு,

அக்கா சுகிர்தம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடாதே. உன் கடைசிக் கடிதம் வந்து இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. அதில் நீ கேட்டவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை.

போன சனிக்கிழமை பெண்டஹாரா ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் பாவாடை கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. தலைமையாசிரியையாகி இது முதல் விழா. கடையில் ஒருவர், "டீச்சர், என்னைத் தெரியுதா? மருதமுத்து. சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸரா இருந்தேன். இப்ப மலாக்காவுக்கு மாத்திட்டாங்க" என்றார். உன்னைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவரே சொல்லிவிட்டார்.

"தம்பிக்குத்தான் நோய் இல்லைன்னு ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. உங்களுக்கு எழுதலியா?"

ராஜா, துணிக்கடையில் நின்று அழுதேன். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து கோப்பி வாங்கிக் கொடுத்தார். மலாக்கா முழுக்க என்னைக் கண்டிப்பான டீச்சர் என்று அறியும். அன்று பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

1948-இல் சுகாதார இலாகா வண்டி வந்து உன்னைக் கூட்டிப்போன அன்று நான் ஒரு பொருத்தனை செய்தேன். உனக்குச் சுகம் கிடைத்தால், சபை முழுவதற்கும் முன்னால் உன்னை என் பக்கத்தில் நிறுத்தி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வேன் என்று. இந்த வருஷம் நம் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை செப்டம்பர் எட்டாம் தேதி. மெர்டேக்கா வந்த மறு வாரம். நாடும் விடுதலை, நீயும் விடுதலை. நீ வர வேண்டும். நாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

உன் அத்தான் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
அக்கா


சுங்கை பூலோ
24 மார்ச் 1957

அக்கா அவர்களுக்கு,

மருதமுத்து சொன்னது சரிதான். எனக்கு நோய் இல்லை.

அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் இங்கே பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் காது மடலிலும் முழங்கையிலும் லேசாகச் சுரண்டி எடுப்பதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும். என் கண்ணுக்குத் தப்பாது என்று டாக்டரே சொல்வார். போன வருஷம் ஜனவரியில் என் சொந்தத் தகட்டை நானே வைத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பார்த்தேன். வெறும் நீலம். பன்னிரண்டாவது மாதமாக வெறும் நீலம்.

அன்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பிறகு எழுதவில்லை. அம்மா இறந்த செய்தியை இருபத்திரண்டு நாள் கழித்துச் சொன்னவர்களுக்கு, நான் பிழைத்த செய்தி கொஞ்சம் தாமதமாகப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று நினைத்தேன்.

ஒரு தந்தி அடித்திருந்தால் போதும். வெளியே போய்வர டாக்டர் எனக்கு மூன்று நாள் பாஸ் கொடுத்திருப்பார். இதை முன்பும் எழுதினேன். இனி எழுத மாட்டேன்.

உங்கள் பண்டிகைக்கு நான் வரவில்லை. என்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான், அவை நிமிராது. ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள். போதகர் ஐயர் பிரசங்கத்தில் பத்துக் குஷ்டரோகிகளின் கதையைச் சொல்லி என்னைக் கைகாட்டுவார் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது ஸ்தோத்திரமா, வெற்றியா?

அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சா. தம்பிராஜா


காஜா பெராங்
14 ஏப்ரல் 1957

என் ராஜாவுக்கு,

கடிதம் முழுக்க "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஏழு வயது மூத்தவளை மரியாதையாக அழைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் நீ சிறு வயதில்கூட என்னை அப்படி அழைத்ததில்லை. அடி நன்றாகப் பட்டது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஸ்தோத்திரமும் வேண்டும், வெற்றியும் வேண்டும். இரண்டும்தான். ஒன்பது வருஷம் என் முகத்துக்கு நேராக விசாரிக்காமல், நான் திரும்பியதும் பேசிய ஜனங்களுக்கு முன்னால் உன்னை நிறுத்த எனக்கு ஆசை. இது பாவமென்றால் ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை.

பொய் வேண்டாம் என்று ஆரம்பித்துவிட்டேன், மீதியையும் கேள்.

அம்மா இறந்த அன்று காலை தந்தி எழுதி உன் அத்தான் கையில் கொடுத்தேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியும் விட்டார். அப்போது சபை மூப்பர் பொன்னுதுரை வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, "டீச்சர், தம்பி வந்தா பெட்டியைத் தூக்க ஆள் வராது. நான் சொல்றது உங்க நன்மைக்கு" என்றார். நான் அத்தானைத் திரும்பக் கூப்பிட்டேன். தந்தியை வாங்கிக் கிழித்தேன். பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். அம்மாவின் மகன் வரவில்லை.

அப்புறம் உனக்கு எழுதப் பேனா எடுப்பேன், வைப்பேன். இருபத்திரண்டு நாள் அப்படிப் போயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அத்தானுக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த நாளில் உன் கடிதம் வந்தால், முதலில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுச் சுட வைத்து, உறையை இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். சில கடிதங்களில் மை கருகிவிட்டது. அந்த இடங்களில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் டீச்சர். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிறவள்.

அக்கா சுகிர்தம்


சுங்கை பூலோ
12 மே 1957

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இஸ்திரிப் பெட்டி விஷயத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன் சுத்தத்துக்கு நீ கடிதத்தை வெந்நீரில் போட்டு அவிக்காமல் விட்டாயே. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கருகிய இடங்களில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. வெண்டைக்காய் காய்த்தது, பந்தில் ஜெயித்தோம், அவ்வளவுதான்.

உன்னிடம் ஸ்தோத்திரமா வெற்றியா என்று கேட்டேனே, அந்தக் கேள்வி கேட்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆலயம் சின்னது. தமிழ் ஆராதனை ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு. அதில் ஒரு வழக்கம். பிரசங்கத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அது அந்த வாரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். சொன்னவருக்கே உரியதாகவும் இருக்க வேண்டும். "ஜீவன் தந்தார், சுகம் தந்தார்" என்று யாராவது ஆரம்பித்தால் முன் பெஞ்சிலிருந்து அப்பாசாமி குரல் கொடுப்பார்: "அது எல்லாருக்கும் உள்ளதுப்பா. உன்னோடதைச் சொல்லு."

அப்பாசாமி ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். 1931-இல் இங்கே வந்தவர். கை விரல் ஒன்றுகூட இல்லை. பாட்டு நேரத்தில் இரண்டு மணிக்கட்டையும் தட்டித் தாளம் போடுவார். அந்தத் தாளம் ஒரு நாளும் தப்பாது. ஆராதனையில் அவர் ஒரு தடவை சொன்னது: "செவ்வாக்கிழமை என் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். பல்லால. ஸ்தோத்திரம்." இன்னொரு அம்மா: "மகள் போட்டோ அனுப்பிச்சா. சிரிக்கிறா. ஸ்தோத்திரம்." இப்படித்தான்.

நான் ஆறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். படித்தவன், இவர்களோடு சேர்ந்து பொத்தானுக்கும் கத்தரிக்காய்க்கும் ஸ்தோத்திரம் சொல்வதா என்ற திமிர்.

அம்மா செய்தி வந்த மறுநாள் ஞாயிறு. அன்று எழுந்தேன். ஆண்டவரைத் திட்டத்தான் எழுந்தேன். "எங்க அம்மா செத்து இருபத்திரண்டு நாளாச்சு. எனக்கு நேத்துத்தான் தெரியும்" என்றேன். அப்போது அப்பாசாமி எழுந்தார்.

"மத்தவங்களுக்கு உங்கம்மா இருபத்திரண்டு நாள் முந்தியே செத்துட்டாங்க. உனக்கு மட்டும் இருபத்திரண்டு நாள் கூட இருந்தாங்க. உன்னால முடியாட்டி பரவாயில்ல, அதுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கிறேன்."

ஆலயத்தை விட்டு வெளியே போய்விட்டேன். இரண்டு வாரம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அந்த இருபத்திரண்டு நாளில் அம்மாவுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். ரொம்ப சந்தோஷமாக எழுதியவை. அம்மா படித்துச் சிரிப்பது மாதிரி நினைத்து நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அந்தச் சந்தோஷம் பொய்யா? மூன்றாவது ஞாயிறு எழுந்து நின்று அந்த இரண்டு கடிதத்துக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். அதிலிருந்து ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

இதனால் உன் மேல் கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் "நீங்கள்" போய்விட்டது, பார்த்தாயா.

ராஜா


காஜா பெராங்
7 ஜூலை 1957

பிரியமான ராஜாவுக்கு,

அப்பாசாமி ஐயாவின் பேச்சை நான் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன். அந்த இருபத்திரண்டு நாளும் நான் செய்த அநியாயம். அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் ஸ்தோத்திரத்தை எடுத்திருக்கிறார். என் அநியாயம் அதனால் குறையவில்லை. ஆனால் வீணாகவும் போகவில்லை.

நானும் வீட்டில் முயன்று பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, இந்த வாரம், எனக்கே உரியது, ஒன்று. வரவில்லை, ராஜா. இருபது வருஷமாகச் சபையில் நீளமாக ஜெபம் பண்ணுகிறவள் நான். "உம்முடைய அளவில்லாத கிருபைகளுக்காக" என்று ஆரம்பித்தால் நிற்காமல் போவேன். ஒன்றே ஒன்று என்றதும் ஊமையாகிவிட்டேன். மூன்றாவது வாரம்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு மீனாச்சியை உனக்கு நினைவிருக்கும், செட்டி வீட்டுப் பெண். பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க மலாய். வேலிப் பக்கம் நின்று அவளிடம் உனக்குச் சுகமானதைச் சொன்னேன். "சுக்கோர்லா, காக்கா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். ஆண்டவருக்கு நன்றி அக்கா என்கிறாள். நீ எப்போது வருவாய், என்ன சாப்பிடுவாய் என்றுதான் அடுத்த கேள்வி. வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது கசப்பான விஷயம். ஜூன் கடைசியில் நான் சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். நீ வரச் சம்மதிக்காதது தெரியும். சம்மதித்தால் தடை இருக்கக் கூடாதே என்று கேட்டு வைத்தேன். அவர்கள் முடிவு நேற்று வந்தது. நீ வரலாமாம். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். டாக்டர் சீட்டைப் பலர் கேட்க வாசிக்க வேண்டும். திருவிருந்தில் பொதுப் பாத்திரத்தில் குடிக்கக் கூடாது, உனக்கு வேறு பாத்திரம்.

பொன்னுதுரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். "என் தம்பிக்கு நோயில்லைன்னு டாக்டர் எழுதியிருக்கார். உங்களுக்கு இல்லைன்னு யார் எழுதியிருக்கா?" என்று கேட்டேன். அவர் வீட்டம்மா ஞானப்பூ கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நீ எழுதிய அந்த இரண்டு கடிதமும் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன. பிரிக்கவில்லை. பிரிக்க எனக்கு என்ன உரிமை?

அக்கா


சுங்கை பூலோ
21 ஜூலை 1957

அன்புள்ள அக்கா,

பொன்னுதுரையிடம் நீ கேட்டதைப் பரிசோதனைச் சாலையில் எல்லோருக்கும் சொன்னேன். டாக்டருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

ஆனால் தனிப் பாத்திரத்தில் நான் குடிக்க மாட்டேன். என் சீட்டை யாரும் வாசிக்கவும் வேண்டாம். இங்கே நான் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகடுகளைப் பார்த்திருக்கிறேன். "உனக்கு இல்லை, நீ போகலாம்" என்று நான் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டு, எத்தனையோ பேர் வெளியே நடந்து போயிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானே பரீட்சை எழுத வேண்டியதில்லை.

நீ வா.

செப்டம்பர் முதல் தேதி, மெர்டேக்காவுக்கு மறுநாள், எங்கள் ஸ்தோத்திர ஆராதனை. உன் பொருத்தனையில் சபைக்கு முன்னால் என்றுதான் இருக்கிறது. எந்தச் சபை என்று நீ ஆண்டவரிடம் சொன்னாயா?

வந்தால் மத்தியானமே வந்துவிடுங்கள், நான் சமைக்கிறேன். யோசித்துச் சொல். வராவிட்டால் தவறாக நினைக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். ஆனால் நினைப்பேன்.

அம்மாவின் கடிதங்களைப் பிரித்துப் படி. உன்னையும் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ராஜா


காஜா பெராங்
18 ஆகஸ்ட் 1957

ராஜா,

படித்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. அம்மாவிடம் "அக்கா இன்னும் அரிசியில் கல் பார்த்துப் பார்த்து எல்லோரையும் பட்டினி போடுகிறாளா?" என்று கேட்டிருக்கிறாய். கல் பார்ப்பது உண்மை. பட்டினி பொய்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். அறிவுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அத்தானிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அன்னைக்குத் தந்தியைத் திருப்பிக் குடுத்தேன் பாரு, அது என் தப்பும்தான். இந்தத் தடவை நீ கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன்" என்றார். இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

கூட்டாளியிடம் மோட்டார் கார் கேட்டிருக்கிறார். முதல் தேதி காலையில் கிளம்புகிறோம்.

அக்கா


சுங்கை பூலோ
3 செப்டம்பர் 1957

என் அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு நாளாகிறது. வாசல் காவல்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், "யார் அந்த அம்மா? இன்ஸ்பெக்டரா?" என்று. நீ குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த தோரணை அப்படி.

சனிக்கிழமைக் கொடியேற்றத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அதைச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. யார் கயிறு இழுப்பது என்று இங்கே வோட்டுப் போட்டோம். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், அப்பாசாமி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பது விரல்கள். கொடி ஒரு தடவைகூட சிக்கவில்லை. நேரே போய் உச்சியில் நின்றது. பாண்டு வாத்தியத்தில் நான் டிரம். மலாயாவில் எத்தனையோ இடத்தில் கொடி ஏறியிருக்கும். எங்களைப் போல் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அக்கா, நீ கூடையிலிருந்து பலகாரத்தை எடுக்கும்போது அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு தட்டுகளையும் டம்ளர்களையும் பார்த்துவிட்டேன். நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய். பிறகு கூடையை மூடி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, "எங்க, உன் தட்டுல போடு, பசிக்குது" என்றாய். நெத்திலிச் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாய். உறைப்புத் தாங்காமல் உன் கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்புத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆலயத்தில் உன் முறை வந்ததும் நீ பையிலிருந்து தாளை எடுத்தாய். நாலு பக்கம். நான் முன் பெஞ்சைப் பார்த்தேன். அப்பாசாமி வாயைத் திறந்துவிடுவாரே என்று. நீ தாளைப் பார்த்தாய். மடித்தாய். "இன்னைக்கு மத்தியானம் என் தம்பி சமைச்சுப் போட்டான். நான் சாப்பிட்டேன். ஸ்தோத்திரம்" என்றாய். உட்கார்ந்துவிட்டாய்.

அப்பாசாமி என்ன சொன்னார் தெரியுமா? உனக்குக் கேட்டிருக்காது. "டீச்சர் பாஸ்."

திருவிருந்தில் பாத்திரம் எனக்குப் பிறகு உன்னிடம் வந்தது. நான் தலை நிமிரவில்லை. உன் வளையல் பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. அத்தோடு என் கோபம் முடிந்தது. இனி அந்த இருபத்திரண்டு நாளைப் பற்றி நீயும் எழுத வேண்டாம்.

ராஜா


காஜா பெராங்
10 செப்டம்பர் 1957

என் ராஜாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

ஸ்தோத்திரப் பண்டிகை என்பதால் ஆலயம் நிறைந்திருந்தது. செமாபோக்கிலிருந்தும் தெங்கேராவிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். வாழைத் தார், கரும்பு, பலாப்பழம், எல்லாம் பீடத்தைச் சுற்றிக் காணிக்கையாக அடுக்கியிருந்தது. ஐயர் சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்றார். எழுந்தேன். தாள் எடுத்துப் போகவில்லை.

"போன ஞாயிறு சுங்கை பூலோவில என் தம்பி தம்பிராஜாவுக்குப் பக்கத்துல நின்னு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவன் குடிச்ச பாத்திரத்துல அவனுக்கு அடுத்ததா நானும் குடிச்சேன். நம்ம கமிட்டி அவனுக்கு ஒரு ஒழுங்கு எழுதியிருக்கு. அது சரின்னா எனக்கும் அதுதான் சரி. நான் இப்ப கடைசி பெஞ்சுக்குப் போறேன். பாத்திரத்துக்கும் கடைசியா வரேன். எனக்குப் பின்னால குடிக்க யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்."

குரல் நடுங்கவில்லை, ராஜா. முப்பது வருஷமாக உட்கார்ந்த இரண்டாவது பெஞ்சிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுவழியாகப் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். உன் அத்தான். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருவிருந்து ஆரம்பித்தது. வரிசை வரிசையாகப் போனார்கள், வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் முடிந்த பிறகு நானும் அத்தானும் போய் முழங்கால் போட்டோம். ஐயர் எனக்குப் பாத்திரத்தைக் கொடுத்தார், அத்தானுக்குக் கொடுத்தார், துடைத்து மூடப் போனார்.

அப்போது முன் பெஞ்சில் புடவை சரசரத்தது. பொன்னுதுரை வீட்டம்மா ஞானப்பூ. எப்போதும் முதல் ஆளாகப் போய் முழங்காலிடுகிறவர் அன்று எழுந்திருக்கவே இல்லையாம், நான் கவனிக்கவில்லை. எழுந்து வந்து அத்தானைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். "தள்ளிக்குங்க டீச்சர், இடம் விடுங்க" என்று முழங்காலிட்டார். பொன்னுதுரை பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஐயர் பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

"எனக்கும் குடுங்க ஐயா" என்றார் ஞானப்பூ அம்மா.

ஐயர் கொடுத்தார். அவர் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குடித்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா அடக்கத்தன்னைக்கே நான் பேசியிருக்கணும் டீச்சர். பேசல. இத்தனை வருஷமா முதல் ஆளாக் குடிச்சிருக்கேன். கடைசியாக் குடிச்சாலும் அதே ருசிதான்" என்றார். இரண்டு பேரும் வாசல் மரத்தடியில் நின்று வெட்கமில்லாமல் சிரித்தோம்.

எல்லோரும் கலைந்த பிறகு பொன்னுதுரை வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. "கமிட்டித் தாளை நான் கிழிச்சுட்டேன்" என்றார். பிறகு, "தம்பி எப்ப வர்றார்?" என்று கேட்டார்.

"அவனுக்கு எப்ப வசதியோ அப்ப" என்றேன்.

ராஜா, பெருமைக்காரி என்று நீ என்னைச் சொல்வாய். சொல்லிக்கொள். உன்னால் எனக்கு ரொம்பப் பெருமை. அதைத் தந்தவருக்கு ஸ்தோத்திரம். ஒன்றிலிருந்து மற்றதை என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அக்கா சுகிர்தம்


சுங்கை பூலோ
22 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இன்று ஆலயத்தில் வாசித்தேன். ஞானப்பூ அம்மா வந்த இடத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்கள். அந்த அம்மாவின் பெயரை எல்லோரும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னார்கள். அவரிடம் சொல்லிவிடு.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். இனி நான் இங்கே நோயாளி இல்லை. நாலாம் மாதத்திலிருந்து நடந்துகொண்டிருந்த கடிதப் போக்குவரத்து முடிந்து, பரிசோதனைச் சாலையில் அரசாங்க உத்தியோகஸ்தன் ஆகிவிட்டேன். பெயர்ப் பலகையில் பெயர் எழுதியாயிற்று. வேலைக்குச் சேருமுன் இரண்டு வாரம் விடுப்பு.

அக்டோபர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் மலாக்கா வந்து சேருவேன். மறுநாள் ஞாயிறு ஆலயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்தில், இரண்டாவது பெஞ்சில்.

அத்தான் கூட்டாளியின் காரோடு வருகிறேன் என்பார். பஸ் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். இடது கையைப் பைக்குள் விட்டுக்கொள்ள மாட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் காஜா பெராங் ரோடு நெடுக நடந்து வருகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

உன் தம்பி
ராஜா